ஓகிள் நுண்வில்லை அறிவிப்புச் சேவை: இலவசம்தான், ஆனால் புழுத்துளை தேட உதவுமா?

வன்னிப் பாடசாலை வானியற் கழகங்கள் தொலைகாட்டிக்குக் காசு சேர்க்க முதல், ஓகிள் (OGLE) என்ற வான்கண்காணிப்புத் திட்டத்தின் இந்த இணையச் சேவையைத் திறந்து பார்க்கலாம். சிலியின் லாஸ் கம்பானாஸில் உள்ள 1.3 மீற்றர் வார்சோ தொலைகாட்டியின் அளவீடுகள் ஒரு சதமும் இல்லாமல், பதிவும் கேட்காமல் கிடைக்கின்றன. இடையில் வரும் பொருளின் ஈர்ப்பு பின்னாலுள்ள விண்மீனை வில்லைபோலப் பிரகாசமாக்கினால் (இதுவே நுண்வில்லை) அந்த நிகழ்வு பட்டியலில் ஏறும். பெரும்பாலானவை தனுசுப் பக்கம். கிளிநொச்சியில் ஆனி நள்ளிரவில் தெற்கே 50 பாகை உயரத்தில் நிற்கும் அதே வானம்.

நிகழ்வுப் பக்கத்திலுள்ள ஒளியளவீட்டுக் கோப்பு சிறியது, போன் டேட்டாவே போதும். ஐந்து நிரல்கள்: யூலியன் நாள் (வானியலின் தொடர் நாளெண்), பருமன் (பிரகாச அளவு, எண் குறைந்தால் பிரகாசம் கூட), வழு, படக்கூர்மை, வான்பின்னணி. எக்செலில் இடைவெளியால் பிரித்துத் திறந்து, நாளிலிருந்து 2450000 ஐக் கழியுங்கள். பருமன் அச்சைத் தலைகீழாக்க மறந்தால் உச்சி பள்ளமாகத் தெரியும். புழுத்துளையின் (வெளியின் இரு இடங்களை இணைப்பதாகக் கருதப்படும் சுரங்கம்) அடையாளம் பள்ளமென்று வாசித்த பிள்ளை துள்ளிக் குதிக்கும்!

பக்கத்திலேயே உச்ச நாள், ஐன்ஸ்டீன் காலம் (இடைப்பொருள் ஐன்ஸ்டீன் ஆரையளவு நகர எடுக்கும் காலம்), இடைப்பொருளும் விண்மீனும் வானில் நெருங்கும் மிகக்கிட்டிய தூரம் எல்லாம் உண்டு. இரண்டும் நேர்கோட்டில் வந்தால் தெரியும் ஒளிவளையத்தின் ஆரையே ஐன்ஸ்டீன் ஆரை. மிகக்கிட்டிய தூரம் அதற்குச் சமனென்றால் பிரகாசம் 1.34 மடங்காகும். கலப்பு விகிதத்தைத் தவறவிடாதீர்கள். விண்மீன்கள் நெருங்கிய வான்பகுதியில் அயல் விண்மீன்களின் ஒளியும் சேர்ந்துவிடும். அதைக் கணக்கெடுக்காவிட்டால் ஐன்ஸ்டீன் காலம் குறைவாக வரும்.

புழுத்துளைக்கு இச்சேவை அவ்வளவு பொருந்தாது. வானியலாளர் ஃபுமியோ அபே 2010 இல் கணித்தபடி, எல்லிஸ் வகைப் (ஒரு கோட்பாட்டு வகை) புழுத்துளையின் ஒளிவளையியில் (நாளுக்கு எதிரான பிரகாச வரைபு) உச்சியின் இருபுறமும் ஏறத்தாழ 4 சதவீதப் பள்ளம் விழ வேண்டும். மங்கலான விண்மீன்களில் வழுவே அதைவிடப் பெரிது. வழு நிரல் 0.02 ஐத் தாண்டினால் அந்தப் புள்ளிகளை நம்ப வேண்டாம். மார்கழியை ஒட்டிச் சூரியன் தனுசுப் பக்கம் நிற்பதால் தரவே இராது, நீண்ட நிகழ்வின் பள்ளம் அந்த இடைவெளிக்குள் போய்விடலாம். ஒளிவளையியின் இருபுறமும் சமச்சீரின்றி இருந்தாலும், முதலில் பூமி சூரியனைச் சுற்றுவதன் விளைவைச் சந்தேகியுங்கள். பெரிய குறை, அறிவிப்பு பிரகாசம் ஏறுவதையே தேடுகிறது. மங்குவது மட்டும் நடந்தால் பட்டியலில் வராது.

கருந்துளைக்கு வேறு கதை. 2011-பிஎல்ஜி-0462 என்ற நிகழ்வு இங்கேயே கிடக்கிறது. ஏறத்தாழ 5000 ஒளியாண்டு தூரத்தில் தனித்துத் திரியும் கருந்துளை அது. ஒளிவளையியால் மட்டும் திணிவு வரவில்லை. ஹபிள் விண்வெளித் தொலைகாட்டி அளந்த, பின்னாலுள்ள விண்மீனின் நிலைப்பெயர்ச்சியும் சேர்ந்த பிறகே, 2022 இல், ஒரு குழு சுமார் 7 சூரியத் திணிவு என்றது. இன்னொரு குழு முதலில் குறைவாகச் சொன்னது. உயர்தரப் பௌதிகவியல் மாணவர் பயிற்சியை இந்தக் கோப்பிலிருந்தே தொடங்கலாம்.