புதுசு என்றுதான் விற்றார்கள்

டெக்சாஸில், டாலஸ் பக்கம் இருக்கிறேன். முதன்முதலாக ஒரு கைத்துப்பாக்கி வாங்கப் போய் ஏமாந்த கதை இது. 448 டாலர் நஷ்டம், தோட்டாவுக்குக் கொட்டிய காசு தனி. இங்கே நம்மாட்கள் நிறையப் பேர் சனிக்கிழமையானால் ரேஞ்சுக்குப் போய் வாடகைத் துப்பாக்கியில் சுட்டுப் பழகுகிறார்கள். கொஞ்ச நாளில் சொந்தமாக வாங்கத் தோன்றும். அதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். (எச்1பி போன்ற விசாவில் இருப்பவர்களுக்குச் சொந்தமாக வைத்திருக்கப் பொதுவாகச் சட்டப்படி தடை. வேட்டை உரிமம் மாதிரி சில விலக்குகள் உண்டு, ஆனால் வக்கீலைக் கேட்காமல் அதில் இறங்காதீர்கள். நான் கிரீன் கார்டு வந்த பிறகுதான் கடைப் பக்கமே போனேன்.)

600 டாலருக்குள் ஒன்று வாங்குவதுதான் என் கணக்கு. கையில் வைத்திருந்த பட்டியலில் மூன்று: க்ளாக் 19, ஸ்மித் அண்ட் வெஸனின் எம் அண்ட் பி 2.0 காம்பாக்ட், செக் நாட்டு சிஸெட் பி-10 சி. மூன்றும் 9 மி.மீ., மூன்றுக்கும் மேகசினில் 15 தோட்டா, உடம்பு பாலிமர். க்ளாக் 19 வந்தது 1988-இல். மற்ற இரண்டும் அதற்குப் போட்டியாக வந்தவை என்று சொன்னால் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள். பிடி எது கைக்குப் பொருந்துகிறதோ அதை எடுத்தால் போதும்.

கடைக்காரர் பட்டியலைப் பார்த்துச் சிரித்தார். இதெல்லாம் பிளாஸ்டிக், எல்லோரும் வைத்திருப்பது என்றார். கண்ணாடி அலமாரியிலிருந்து ஒன்றை எடுத்துத் துணிமேல் வைத்தார். 1911 வகை, .45 தோட்டா (9 மி.மீ.யைவிடப் பருமன்), பேரல், அதாவது குழல், 3 அங்குலம், பிடியில் சிவந்த மரம். ஜான் பிரௌனிங் வடிவமைத்தது, அமெரிக்க ராணுவம் எழுபது வருஷத்துக்கு மேல் இடுப்பில் செருகியிருந்தது என்று ஒரு பிரசங்கம். பொய் இல்லை. 1911-இல் ராணுவத்துக்குள் வந்தது, 1985-இல்தான் பெரட்டா என்ற இத்தாலியக் கம்பெனியின் துப்பாக்கி அதன் இடத்தைப் பிடித்தது. ஆனால் ராணுவம் வைத்திருந்தது 5 அங்குலப் பேரல். அந்த ஒன்றை அவர் சொல்லவில்லை, எனக்கும் கேட்கத் தெரியவில்லை.

கையில் வாங்கிப் பார்க்கும்போது இடப்பக்கம், ஸ்லைடை (சுடும்போது பின்னால் ஓடித் திரும்பும் மேல்பாகம்) நிறுத்தும் கொக்கிக்குக் கீழே, பிறை மாதிரி மெல்லிய கீறல் ஒன்று. நகம் வைத்தால் தட்டுப்படும். இது என்ன என்று கேட்டேன். ஃபேக்டரியிலேயே வருவது என்றார். சரி என்று துப்பாக்கி வாங்குகிறவர் நிரப்பவேண்டிய 4473 என்ற அரசுப் படிவத்தை நிரப்பினேன், பின்னணிச் சோதனை பத்து நிமிஷத்தில் முடிந்தது. 899 டாலர், வரியோடு 973.

முதல் நாள் 50 தோட்டா, ஆறு தடவை நின்றது. சில சமயம் காலிக் கூடு வெளியே விழாமல் புகைபோக்கி மாதிரி நட்டுக்கொண்டு நிற்கும். சில சமயம் அடுத்த தோட்டா மூக்கைக் குத்திக்கொண்டு பாதி வழியில் மாட்டிக்கொள்ளும். கடைக்குப் போன் செய்தேன். உங்கள் மணிக்கட்டு தளர்வாக இருக்கிறது, இறுக்கிப் பிடியுங்கள் என்றார்கள். இப்படி ஒன்று உண்மையிலேயே உண்டு. சுடும்போது கையும் சேர்ந்து பின்னால் போனால் ஸ்லைடு முழுத்தூரம் ஓடாது, சிக்கும். புதிதாகச் சுடுகிறவனிடம் இதைச் சொன்னால் வாய் திறக்கமாட்டான். நானும் திறக்கவில்லை. அடுத்த வாரம் இரண்டு கம்பெனித் தோட்டாக்களில் ஐம்பது ஐம்பதாக 100 போட்டேன். 11 தடவை.

பக்கத்து வீட்டுப் பெரியவர் ஷெரிஃப் ஆபீசில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். அவரை ரேஞ்சுக்குக் கூட்டிப்போய் அவர் கையில் கொடுத்தேன். இரண்டாவது மேகசினிலேயே நின்றது. அவர் மணிக்கட்டு என் முழங்கால் தடிமன்.

அவர்தான் காரணத்தைப் புரியவைத்தார். பேரலைக் குட்டையாக்கினால் ஸ்லைடு பின்னால் ஓடும் தூரமும் குறைகிறது. அந்தக் குறைந்த தூரத்தில் .45-இன் வேகத்தைத் தடுக்க ஸ்பிரிங்கைக் கடினமாக வைக்க வேண்டும். அது ஸ்லைடைப் படாரென்று முன்னால் தள்ளும். மேகசின் ஸ்பிரிங் அடுத்த தோட்டாவை மேலே தூக்கிக் கொடுக்க நேரமே இருக்காது. நன்றாக ஓடும் 3 அங்குலத் துப்பாக்கிகளும் உண்டு, ஆனால் தோட்டா, மேகசின், காலிக் கூட்டைப் பிடித்து இழுக்கும் எக்ஸ்ட்ராக்டரின் பிடிமானம் எல்லாம் ஒத்துவர வேண்டும். அதற்குத் தெரிந்த ஆள் வேண்டும். முதன்முதலாக வாங்குகிறவன் தலையில் கட்டுகிற சாமான் இல்லை. அதே மத்தியானம் அவருடைய பழைய க்ளாக் 19-இல் 200 தோட்டா போட்டேன். என் அதே மணிக்கட்டுதான். ஒன்றுகூட நிற்கவில்லை.

கடையில் திருப்பி வாங்க மறுத்துவிட்டார்கள். விற்றால் விற்றதுதான் என்று கல்லாவுக்கு மேலே பலகையே தொங்குகிறது. உற்பத்தியாளருக்கு அனுப்பினேன். ஏழு வாரம் கழித்து ஒரு சீட்டோடு வந்தது: எக்ஸ்ட்ராக்டர் சரிசெய்யப்பட்டது, தோட்டா ஏறும் சரிவு பாலிஷ் செய்யப்பட்டது, 14 தோட்டா சுட்டுப் பார்க்கப்பட்டது. நான் 50 போட்டதில் நாலு தடவை நின்றது.

இந்த ஊரில் ஒரு விநோதம். டோஸ்டரில் கோளாறு என்றால் கம்பெனியைத் திரும்பப் பெறவைக்க அரசின் நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. துப்பாக்கிக்குக் கிடையாது. 1972-இல் அந்தச் சட்டம் வந்தபோதே விலக்கு கொடுத்துவிட்டார்கள். கம்பெனியாக மனம் வைத்தால்தான் உண்டு. ரெமிங்டன் கம்பெனியின் ஆர்51 கைத்துப்பாக்கி 2014-இல் வந்து, கோளாறு தாங்காமல் அதே வருஷம் திரும்பப் போய், 2016-இல் மறுபடி வந்தது. 2017 ஜனவரியில் ராணுவ ஒப்பந்தம் வாங்கிய, சிக் கம்பெனியின் பி320 கைத்துப்பாக்கியின் கடைச் சரக்கு கீழே விழுந்தால் தானாகச் சுட்டுவிடக்கூடும் என்று அந்த ஆகஸ்டில் வெளிவந்தது. இலவசமாக மாற்றித்தருகிறோம் என்றது கம்பெனி, ஆனால் அதற்கு 'விருப்ப மேம்பாடு' என்றுதான் பெயர் வைத்தார்கள். பேரைப் பார்த்தோ ராணுவ முத்திரையைப் பார்த்தோ முதல் வருஷச் சரக்கை வாங்காதீர்கள்.

இனி என் கதையின் அழுகிய பகுதி. விற்றுத் தொலைக்கலாம் என்று பெட்டியைத் துடைக்கும்போது அடியில் இருந்த ஸ்பாஞ்சைத் தூக்கினேன். நாலாக மடித்த ஒரு தாள். அதே உற்பத்தியாளரின் சர்வீஸ் சீட்டு, அதே சீரியல் எண், வேறு யாரோ ஒருவர் பெயர், நான் வாங்கியதற்கு நாலு மாதம் முந்தைய தேதி. எக்ஸ்ட்ராக்டர் சரிசெய்யப்பட்டது, சரிவு பாலிஷ் செய்யப்பட்டது. என் சீட்டையும் அதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன், தேதியும் பெயரும்தான் வேறு. யாரோ வாங்கி, நொந்து, அதே கடையில் தள்ளிவிட்டுப் போயிருக்கிறார். அதைப் புதுசு என்று எனக்கு விற்றிருக்கிறார்கள்.

அந்தப் பிறைக்கீறலுக்கு இங்கே 'இடியட் ஸ்க்ராட்ச்' என்று பெயர். கழற்றி மாட்டும்போது கொக்கியைச் சரியாகத் தூக்காமல் தள்ளினால் விழுவது. பெரியவர் சொன்னபோது எந்த இடியட் என்று நான் கேட்கவில்லை.

இரண்டு சீட்டையும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். மேனேஜர் படித்துப் பார்த்தார். ஃபேக்டரி சரிசெய்து கொடுத்தால் புதுசு மாதிரிதானே என்றார். 525 டாலருக்கு எடுத்துக்கொள்கிறேன் என்றார். அலுத்துப்போய் ஒத்துக்கொண்டேன். பழைய சாமானைப் புதுசு என்று விற்பதை டெக்சாஸின் ஏமாற்று வணிகச் சட்டம் பெயர் சொல்லியே தடுக்கிறது என்பது எனக்குத் தெரிந்தது பணத்தை வாங்கிய பிறகு. ரசீதை எடுத்துப் பார்த்தால் மாடலும் சீரியல் எண்ணும் மட்டும் இருந்தன. 'நியூ' என்று எழுதித் தரச் சொல்லியிருந்தால் அங்கேயே குட்டு உடைந்திருக்கும்.

இப்போது வேறு கடையில், போலீஸ் பயன்படுத்திவிட்டுப் புதுசுக்கு மாற்றிக்கொடுத்த க்ளாக் 17 ஒன்று வாங்கியிருக்கிறேன், 350 டாலர். உறையில் உரசி உரசி ஸ்லைடின் ஓரம் வெளுத்திருக்கிறது, இரவில் மின்னவேண்டிய குறி மங்கிவிட்டது. பழசு என்று சொல்லித்தான் விற்றார்கள். 600 தோட்டா போட்டாயிற்று, ஒரு தடவையும் நிற்கவில்லை. வீட்டில் சின்னக் குழந்தை இருப்பதால் அது இரும்புப் பெட்டியில்தான் தூங்குகிறது.

போன மாதம் தோட்டா வாங்க அந்தப் பழைய கடை வழியாகப் போக நேர்ந்தது. கண்ணாடி அலமாரியில் சிவந்த மரப்பிடி தெரிந்தது. எடுத்துக் காட்டச் சொன்னேன். சீரியல் எண்ணின் கடைசி நாலு எழுத்து எனக்கு மனப்பாடம். விலைச்சீட்டில் 869 டாலர், 'யூஸ்டு' என்ற சொல் எங்கேயும் இல்லை. கவுண்டரில் இருந்தது புதுப் பையன். கீறலைக் காட்டி இது என்ன தம்பி என்று கேட்டேன்.

ஃபேக்டரியிலேயே வருவது என்றான்.