பழைய மாருதி 800: மிக்சர் ஸ்க்ரூவைக் கடைசியாகத் தொடுங்கள்

கார்பரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு ஊட்டும் பாகம்) வைத்த மாருதி 800-ஐப் பல வருடம் ஓட்டுபவர்களுக்கு இது பழகிய காட்சி. ஐடிலிங் (ஆக்சிலேட்டரை மிதிக்காதபோது எஞ்சின் மெதுவாக ஓடுவது) நிலைக்கவில்லை, பிக்கப் இல்லை என்று எதைச் சொன்னாலும் மெக்கானிக்கின் ஸ்க்ரூடிரைவர் நேராகப் போவது, ஐடில் கலவையைக் கூட்டிக் குறைக்கும் மிக்சர் ஸ்க்ரூவுக்குத்தான். பிளக், டைமிங் (பிளக் பொறி விடும் நேரம்), டாப்பெட் (வால்வு இடைவெளி) மூன்றையும் சரிபார்க்காமல் அதைத் திருகுவது வீண்வேலை.

மூன்று பிளக்கையும் கழற்றி வரிசையாக வையுங்கள். எல்லாம் கரி பூசியிருந்தால் ரிச், அதாவது கலவையில் பெட்ரோல் அதிகம்; எல்லாம் வெளுத்திருந்தால் லீன், அதாவது பெட்ரோல் குறைவு. ஒன்று மட்டும் வேறு நிறமா? கார்பரேட்டரை விட்டுவிடலாம். மூன்று சிலிண்டருக்கும் அந்த ஒன்றுதான் ஊட்டுகிறது, ஓரவஞ்சனை அதற்குத் தெரியாது. அந்த சிலிண்டரின் பிளக் ஒயர், டாப்பெட் இடைவெளி, அந்தப் பக்க மேனிஃபோல்ட் கேஸ்கட் ஆகியவற்றைப் பாருங்கள்.

மேட்டில் திணறி நின்று, ஐந்து நிமிடம் கழித்து ஒன்றும் நடக்காததுபோல ஓடுகிறதென்றால் பெட்ரோல் வரத்தில் குறை. டேங்க் மூடியைத் திறக்கும்போது 'உஸ்' என்று காற்று உள்ளே இழுத்தால் டேங்கின் காற்றுவழி அடைத்திருக்கிறது. இல்லையென்றால் பொறி வராதபடி இக்னிஷன் காயில் ஒயரைக் கழற்றிவிட்டு, கார்பரேட்டருக்கு வரும் குழாயைப் பாட்டிலில் விட்டு, பத்து விநாடி மட்டும் செல்ஃப் அடியுங்கள். விட்டுவிட்டுப் பீச்சியடிக்க வேண்டும். சொட்டினால், பம்பின் உள்வரும் குழாயை வேறொரு பெட்ரோல் பாட்டிலில் போட்டு மறுபடி பாருங்கள். இப்போது பீச்சினால் பம்ப் நல்லது. டேங்க் வடிகட்டியோ, வெடித்துக் காற்று இழுக்கும் ஹோஸோதான் காரணம். அப்போதும் சொட்டினால் பம்ப் டயஃப்ரம் (பெட்ரோலை உந்தும் ரப்பர் சவ்வு) போயிருக்கும். எஞ்சின் சூடாக இருக்கும்போது இந்த வேலை வேண்டாம்.

காற்றைக் குறைத்துக் கலவையை ரிச் ஆக்கும் சோக் ஒரு நல்ல மீட்டர். எஞ்சின் சூடானபின் ஐடிலில் துடித்தால் சோக்கைக் கால்வாசி இழுங்கள். துடிப்பு அடங்கினால் லீன்: எங்கோ காற்று புகுகிறது, அல்லது ஐடிலுக்குப் பெட்ரோல் விடும் சிறுதுளையான ஸ்லோ ஜெட் அடைத்திருக்கிறது. கார்பரேட்டர் அடியில் உள்ள இன்சுலேட்டர், டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் வேக்குவம் ஹோஸ் ஆகியவற்றின் மூட்டுகளை விரலால் அழுத்திப் பாருங்கள். எங்கே அழுத்தும்போது சத்தம் மாறுகிறதோ அங்கே லீக். சோக் இழுத்ததும் இன்னும் மோசமானால் ரிச்: கார்பரேட்டருக்குள் பெட்ரோல் மட்டத்தைக் காக்கும் மிதவையான ஃப்ளோட்டில் ஓட்டையோ, அது திறந்து மூடும் நீடில் வால்வில் தேய்மானமோ. ஏர் ஃபில்டர் அடைப்பையும் பாருங்கள். ஐடில் மட்டும் அறவே நிலைக்கவில்லை என்றால், சோலினாய்டு (ஐடில் பெட்ரோலைத் திறந்து மூடும் மின்வால்வு) உள்ள கார்பரேட்டரில் சாவியைத் திருப்பும்போது 'டிக்' கேட்கிறதா என்று கவனிக்கலாம். பல நேரம் கழன்ற ஒயர்தான்.

ஜெட்டைக் கம்பியால் குத்தவே கூடாது. துளை கொஞ்சம் பெரிதானாலும் ரிச் ஆகிவிடும். கிளீனர் அடித்து, காற்றால் ஊதினால் போதும். ரப்பர் டயஃப்ரம்களைக் கிளீனரில் ஊறப் போடாதீர்கள்.

இ20 (20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்) வந்தபின் இன்னொரு சிக்கல். சுத்தமான பெட்ரோல் முழுமையாக எரிய எடையில் ஏறத்தாழ 14.7 மடங்கு காற்று வேண்டும், இ20-க்கு 13.5-ஐ ஒட்டித்தான். இன்ஜெக்‌ஷன் வண்டி தானே சரிசெய்துகொள்ளும், பழைய ஜெட்டுக்கு அது தெரியாது. அதனால் பழைய செட்டிங்கில் லீனாக ஓடும். பழைய ரப்பர் ஹோஸும் பம்ப் டயஃப்ரமும் எத்தனாலில் ஊதி, நொறுங்கி, அந்தத் துகள்களே ஜெட்டை அடைக்கும். எத்தனால் தாங்கும் ஹோஸ் மாற்றுவதுதான் முதல் செலவாக இருக்கட்டும்.

எல்லாம் சரியானபின் டியூனிங். எஞ்சின் நன்றாகச் சூடாகி, சோக் முழுக்கத் திறந்து, ஏர் ஃபில்டர் மாட்டி, ஏசி, விளக்கு அணைந்திருக்க வேண்டும். மிக்சர் ஸ்க்ரூவை எண்ணிக்கொண்டே மெதுவாக மூடி, பழைய எண்ணிக்கையைக் குறித்துவையுங்கள். இறுக்கினால் ஊசி முனையில் வடு விழும், பிறகு எந்த செட்டிங்கும் நிற்காது. பழைய இடத்துக்கே திறந்து, கால் சுற்றாக நகர்த்தி, எஞ்சின் வேகம் உச்சம் தொடும் இடத்தைப் பிடியுங்கள். ஐடில் ஸ்க்ரூவால் 900 ஆர்.பி.எம். பக்கம் இறக்கி, மறுபடி ஒருமுறை.

இத்தனைக்குப் பிறகும் ஐடில் ஒவ்வொரு சிக்னலிலும் ஒவ்வொரு மாதிரி இருந்தால் த்ராட்டில் ஷாஃப்டை (ஆக்சிலேட்டர் மிதித்தால் கார்பரேட்டரில் சுழலும் தண்டு) விரலால் ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் அந்த இடுக்கில்தான் காற்று போகிறது. கடையில் விற்கும் ரிப்பேர் கிட்டில் அதற்கு மருந்து கிடையாது. லேத்தில் புஷ் (தண்டைச் சுற்றிய உலோக வளையம்) போட வேண்டும், அல்லது ஆட்டமில்லாத வேறு கார்பரேட்டர் தேட வேண்டும்.