சுரங்கக் காற்றில் எதை அளப்பது: ரேடான் வாயுவையா, அதன் சேய்த் தனிமங்களையா?

ரேடான் என்பது பாறையிலிருந்து கசியும் கதிரியக்க வாயு. ஆனால் நுரையீரலுக்குக் கதிரேற்பைத் (கதிர்வீச்சுத் தாக்கத்தை) தருவது பெரும்பாலும் அந்த வாயு அல்ல. அது சிதைந்து உண்டாகும் பொலோனியம்-218, பொலோனியம்-214 போன்ற சேய்கள்தான். குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது.

அலகு
வாயு: பெக்கரல்/கன மீட்டர் (ஒரு பெக்கரல் = நொடிக்கு ஒரு சிதைவு).
சேய்: வொர்க்கிங் லெவல். முழுச் சமநிலையில், அதாவது சேய்களின் கதிரியக்கம் வாயுவுக்குச் சமமாக இருக்கும்போது, கன மீட்டருக்கு 3,700 பெக்கரல் ரேடான் = 1 வொர்க்கிங் லெவல். அந்த அளவில் 170 மணி நேரம் வேலை செய்தால் ஒரு வொர்க்கிங் லெவல் மாதம்.

கருவி, நேரம்
வாயு: சிஆர்-39 பிளாஸ்டிக் துண்டைச் சில வாரங்கள் தொங்கவிட்டு, காஸ்டிக் சோடாக் கரைசலில் அரித்து, ஆல்ஃபா துகள்கள் பதித்த தடங்களை எண்ண வேண்டும். மின்சாரம் தேவையில்லை.
சேய்: வடிதாளில் 5 நிமிடம் காற்றை உறிஞ்சி, 40 முதல் 90 நிமிடத்துக்குள் தாளிலிருந்து வரும் ஆல்ஃபா துகள்களை எண்ண வேண்டும். அன்றே விடை கிடைக்கும்.

எங்கே தவறும்
வாயு: சமநிலைக் காரணியை (முழுச் சமநிலையை 1 எனக் கொண்டால், சேய்கள் உண்மையில் எந்த அளவு உள்ளன என்ற விகிதத்தை) ஊகிக்கிறோம். 1,000 பெக்கரலுக்கு 0.4 என வைத்தால் 0.108 வொர்க்கிங் லெவல், 0.2 என்றால் பாதிதான். காற்றோட்டம் கூடினால் காரணி இறங்கும். ஆகவே மின்விசிறி மாறிய சுரங்கத்தில் பழைய எண்ணை நம்பக் கூடாது.
சேய்: பம்பு ஓட்டம் பிசகினால் கணக்கே பிசகும். தோரான் (ரேடானின் இன்னொரு வகையான ரேடான்-220) வெளிவரும் பாறையில் அதன் சேய்களும் சேர்ந்து எண்ணிக்கை ஏறிவிடும். ரேடானின் சேய்கள் சிதைந்து தீர்ந்த பிறகு, சுமார் 5 மணி நேரம் கழித்து, அதே தாளை மறுபடி எண்ணி, தோரானின் பங்கைக் கழிக்க வேண்டும். தவிர, அது அந்த ஒரு வேளையின் நிலவரம் மட்டுமே.

நீண்டகாலச் சராசரிக்கும் ஆளில்லாப் பழைய குடைவுகளுக்கும் சிஆர்-39. வெடிவைத்த பின் ஆட்களை உள்ளே அனுப்பலாமா என்று முடிவெடுக்க வடிதாள்தான்.