ஹம் சத்தத்துக்கு வாங்கிய கார்டும், பாட்டுக்கு வாங்கிய பெட்டியும்

பகலில் திருச்சி உறையூரில் ஒரு இரும்புக் கடையில் டேலி போடுகிறேன். முகூர்த்த நாள் சாயங்காலங்களில் மெல்லிசைக் குழுவில் கீபோர்டு. ராத்திரி பத்தரைக்கு மேல், பிள்ளைகள் தூங்கியதும், வாலரண்ட் என்கிற துப்பாக்கிச் சண்டை கேம். இந்த மூன்றில் டேலிக்கு மட்டும்தான் சவுண்ட் கார்டு தேவையில்லை. மற்ற இரண்டுக்காக மூன்று வருஷத்தில் மூன்று தடவை காசு செலவழித்தேன். அதில் முதல் தடவை போட்டது முழுத் தண்டம்.

மேடைக்கு வாங்கிய இன்-இயரை, அதாவது காதுக்குள் செருகும் இயர்போனை, ஒருநாள் கம்ப்யூட்டர் கேபினட்டின் முன்பக்க ஜாக்கில் செருகினேன். பாட்டு எதுவும் ஓடவில்லை, ஆனாலும் மவுஸை நகர்த்தினால் காதுக்குள் 'சிர்ர்' என்று ஒரு கீறல். பக்கத்தை மேலும் கீழும் ஓட்டினால் சில்வண்டு மாதிரி கத்துகிறது. கேம் திறந்து கிராபிக்ஸ் கார்டு மூச்சுப் பிடித்ததும் அந்தச் சில்வண்டு ஒரு ஸ்தாயி மேலே ஏறிவிடும். இது போதாதென்று ஸ்பீக்கரில் எந்நேரமும் 'ம்ம்ம்' என்று ஒரு ஹம். கீபோர்டுக்காரன் காது சும்மா இருக்குமா? என்ன சுருதி என்று தடவிப் பார்த்தேன். கீபோர்டின் ஜி ஸ்வரத்தைவிடக் கொஞ்சம் தூக்கல், ஆனால் அடுத்த கட்டையான ஜி ஷார்ப் அளவுக்கு இல்லை. நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அதன் இரட்டிப்பு 100. கீபோர்டில் அந்த ஜி 98. ஆக, கரண்ட்டே ஸ்பீக்கர் வழியாகப் பாடிக்கொண்டிருந்தது. அது அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை.

கடைக்காரரிடம் போய்ச் சொன்னேன். "ஆன்போர்டு சவுண்டுன்னாலே அப்படித்தான் தம்பி. தனிக் கார்டு போட்டுருங்க, சுத்தமா நின்னுரும்" என்றார். எந்தக் கடை, என்ன கார்டு என்பதெல்லாம் வேண்டாம், அந்தக் கார்டின் மேலும் தப்பில்லை. வீட்டுக்கு வந்து கேபினட்டைத் திறந்தால் என்னுடையது சின்ன மதர்போர்டு. கிராபிக்ஸ் கார்டு தடியாகப் படுத்துக்கொண்டு ஒரு ஸ்லாட்டை மறைத்துவிட்டது. மிச்சம் இருந்த ஒரே ஸ்லாட் அதன் ஃபேனுக்கு நேர் கீழே. சவுண்ட் கார்டைச் செருகினால் ஃபேனுக்கும் அதற்கும் நடுவில் ஒரு விரல் இடைவெளி. கிராபிக்ஸ் கார்டின் வெப்பம் நாலு டிகிரி ஏறியது. சில்வண்டு கொஞ்சம் அடங்கியது. ஹம்மோ அப்படியே, அதே ஜி-க்குக் கொஞ்சம் மேலே. திருப்பிக் கொடுக்கப் போனால், "ஓப்பன் பண்ணிட்டீங்களே" என்று முடித்துவிட்டார்.

எங்கள் குழுவுக்கு மைக்செட் போடும் அண்ணன் ஒருநாள் வீட்டுக்குக் காபி குடிக்க வந்தார். ஹம்மைக் கேட்டதும் சட்டைப் பையிலிருந்து டெஸ்டரை எடுத்து கேபினட்டின் இரும்பில் வைத்தார். டெஸ்டர் பளிச்சென்று எரிந்தது. "டேய், இது கார்டு கம்ப்ளைன்ட் இல்லடா. உனக்கு எர்த்தே வரல." சுவிட்ச் பாக்ஸைக் கழற்றினால் பச்சை ஒயர் எதிலும் மாட்டாமல், நுனி மடங்கி, சுவரோடு ஒட்டிக் கிடக்கிறது. மூன்று ஓட்டைப் பிளக் இருக்கிறதே என்று நம்பியிருந்தேன். மூன்றாவது ஓட்டை வெறும் அலங்காரம். கம்ப்யூட்டர் பவர் சப்ளைக்குள் வடிகட்டிக் கெப்பாசிட்டர்கள் உண்டு. எர்த் இல்லாவிட்டால் அவை வழியாகக் கசிகிற கரண்ட் கேபினட்டில் வந்து உட்கார்ந்துகொள்ளும். வெறுங்காலோடு கேபினட்டைத் தொட்டால் சுருக்கென்று இழுக்கிறதே, அதுதான். ஸ்பீக்கர் ஒயர் கிடைத்தால் அதற்குள்ளும் இறங்கும். எலெக்ட்ரீஷியன் வந்து அரை மணி நேரத்தில் சரிசெய்தார், கூலி நானூற்றைம்பது. ஹம் அந்த நிமிஷமே நின்றது.

மிச்சமிருந்த சில்வண்டுக்கு அதைவிடச் சுலபமான வைத்தியம். முன்பக்க ஜாக்குக்கு வருகிற மெல்லிய ஒயர் போர்டின் ஒரு மூலையிலிருந்து கிராபிக்ஸ் கார்டின் அடிவயிற்றை உரசிக்கொண்டு வருகிறது. வழியில் இருக்கிற குப்பையையெல்லாம் பொறுக்கிக்கொள்ளும். இன்-இயரை எடுத்துப் பின்பக்கப் பச்சை ஜாக்கில் செருகினேன், காது சுத்தம். போர்டில் இருந்தது ரியல்டெக் ஏஎல்சி897, சாதாரண சவுண்ட் சிப். அதையா இத்தனை நாள் திட்டினோம் என்று இருந்தது.

அப்புறம் எதற்கு ஜி6 என்கிற சவுண்ட் பிளாஸ்டர் வெளிப் பெட்டியை வாங்கினாய் என்று கேட்கலாம். ஹெட்போன் படுத்திய பாடு. பேயர்டைனமிக் டிடி 990 ப்ரோ, 250 ஓம். செகண்ட் ஹேண்டில் மலிவாக வந்தது. பச்சை ஜாக்கில் போட்டால் கேம் போதுமான சத்தத்தில் கேட்கும், புதுப் படப்பாட்டும் கேட்கும், ஏனென்றால் இன்றைய பாட்டில் மெல்லிய சத்தத்தையும் உச்சத்துக்குத் தூக்கித்தான் வெளியிடுகிறார்கள். பழைய கச்சேரிப் பதிவைப் போட்டால்தான் வண்டவாளம் தெரியும். வால்யூம் நூறில் வைத்தாலும் பக்கத்து ரூமில் யாரோ வீணை வாசிக்கிற மாதிரி இருக்கும். ஓம் கூடின ஹெட்போனுக்கு வோல்டேஜ் அதிகம் வேண்டும், போர்டால் அவ்வளவு தள்ள முடியாது. ஹெட்போன் ஆம்ப் தேவைப்படுவது இந்த இடத்தில்தான். முப்பது ஓம், நாற்பது ஓம் ஹெட்போன் வைத்திருக்கிறவர் இந்தப் பத்தியோடு எழுந்து போகலாம், பணம் மிச்சம்.

சவுண்ட் பிளாஸ்டர் என்ற பெயரில் எனக்கு ஒரு சபலமும் உண்டு. சிங்கப்பூர் கிரியேட்டிவ் கம்பெனி 1989-இல் கொண்டுவந்த பெயர் அது. பள்ளிக்கூட நாளில் மாமா பையன் வீட்டுக் கம்ப்யூட்டரில் சவுண்ட் பிளாஸ்டர் லைவ் இருந்தது. கவுண்டர் ஸ்ட்ரைக் 1.6 கேமில் ஈஏஎக்ஸ் என்கிற எதிரொலி வசதியைப் போட்டால் சுரங்கத்துக்குள் சுட்ட சத்தம் சுரங்கத்துக்குள் மாதிரியே எதிரொலிக்கும். அந்த எதிரொலியைக் கணக்குப் போட்டது கார்டுக்குள் இருந்த சிப். விண்டோஸ் விஸ்டா 2007-இல் வந்தபோது கேம் சத்தம் நேராகக் கார்டுக்குள் போகிற அந்த வழியை மைக்ரோசாப்ட் அடைத்துவிட்டது. இன்றைக்கு எதிரொலி, தூரம், திசை எல்லாவற்றையும் கேமே பிராசஸரில் போட்டு முடித்து, சுட்ட தோசையாகத்தான் அனுப்புகிறது. கார்டுக்கு அதைத் தட்டில் வைப்பது மட்டுமே வேலை. "கேமிங் சவுண்ட் கார்டு" என்று அட்டைப்பெட்டியில் பெரிதாகப் போட்டிருந்தால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

இனி ஜி6. 2018-இல் வந்த மாடல், முழுப்பெயர் சவுண்ட் பிளாஸ்டர்எக்ஸ் ஜி6. உள்ளங்கையில் அடங்குகிற கறுப்புப் பெட்டி, யூஎஸ்பியில் செருகினால் போதும், தனி அடாப்டர் வேண்டாம். கேபினட்டைத் திறக்கிற வேலையே இல்லை, லேப்டாப்புக்கும் மாற்றிக்கொள்ளலாம். உள் கார்டா வெளிப் பெட்டியா என்று கேட்டால் என் ஓட்டு இதற்காகவே வெளிப் பெட்டிக்கு. முன்னால் ஹெட்போனுக்கும் மைக்குக்கும் ஒவ்வொரு ஜாக், நடுவில் பெரிய குமிழ். கண்ணை மானிட்டரில் வைத்துக்கொண்டே இடது கையால் வால்யூமைத் திருகுகிற சுகம் எனக்குப் பிடித்திருக்கிறது. பக்கவாட்டில் சத்தத்தின் பலத்தைக் கூட்டிக் குறைக்கிற கெய்ன் சுவிட்ச், சின்னதாக. டிடி 990-க்கு அதை மேலே தள்ளினால் அந்தப் பழைய வீணைப் பதிவு ரூமுக்குள் வந்து உட்காருகிறது. வீணைத் தந்தியில் விரல் இழைகிற ஓசைவரை கேட்டது. அதே நிலையில் மறந்துபோய் இன்-இயரைச் செருகாதீர்கள், காது பிய்ந்துவிடும்.

மிக மெல்லிய சத்தத்துக்கும் மிக உரத்த சத்தத்துக்கும் நடுவில் உள்ள வீச்சு 130 டெசிபல் என்று பெட்டியில் போட்டிருக்கிறது. சிடி-யின் 16 பிட்டே 96 டெசிபல் சுமாருக்குத்தான் வரும். என் தலைக்கு மேலே சுற்றுகிற ஃபேன் சத்தத்தில் அதிலேயே பாதி முழுகிப்போகும், டிடி 990 வேறு ஓப்பன் பேக், வெளிச் சத்தம் உள்ளே வந்துவிடும். வாங்கிய ஜோரில் போர்டின் பச்சை ஜாக்கைவிடச் சத்தம் 'தெளிவாக' இருக்கிறது என்று வீட்டுக்காரியிடம் பெருமையடித்தேன். "சரி, திரும்பி உட்காருங்க" என்றாள். இன்-இயரைப் போட்டுக்கொண்டு, இரண்டையும் ஒரே சத்தத்துக்கு வைத்து, அவள் மாற்றி மாற்றிச் செருக, நான் எது எது என்று சொன்னேன். பத்துக்கு ஆறு சரி. காசைச் சுண்டிப் போட்டிருந்தாலும் கிட்டத்தட்ட அதேதான் வந்திருக்கும். டிடி 990-இல் வித்தியாசம் நிஜம், ஆனால் அது பெரும்பாலும் தெம்பின் வித்தியாசம்.

கேமில் ஒரு எச்சரிக்கை. வாலரண்ட் செட்டிங்ஸில் எச்ஆர்டிஎஃப் என்று ஒன்று உண்டு. இடது காதுக்கும் வலது காதுக்கும் சத்தம் ஒரு மில்லிசெகண்டுக்கும் குறைவான வித்தியாசத்தில் வந்து சேருவது, காது மடல் சத்தத்தின் நிறத்தை மாற்றுவது, இதையெல்லாம் போலி செய்து காலடி எந்தப் பக்கம் என்று காட்டும் வித்தை. ஜி6-இன் சரவுண்டும் அதே மாதிரி வித்தைதான். இரண்டையும் போட்டால் ஒரு தடவை பிழிந்த துணியை மறுபடி பிழிந்த கதை. எதிரி தண்ணீர்த் தொட்டிக்குள் நடப்பது மாதிரி கேட்கிறது, முன்னா பின்னா தெரியாது. முதல் வாரம் நான் தோற்ற ரவுண்டுகளுக்கு அது பாதிக் காரணம், மீதி வயசு. இப்போது கேமில் எச்ஆர்டிஎஃப் ஆன், ஜி6-இல் சரவுண்ட் ஆஃப். படம் பார்க்கும்போது மட்டும் திருப்பிப் போடுவேன். காலடியைத் தூக்கிக் காட்டும் ஜி6-இன் ஸ்கவுட் மோடு வேலை செய்கிறது, ஆனால் கூடவே உலகத்தில் இருக்கிற எல்லாவற்றையும் தூக்குகிறது. அரை மணி நேரத்தில் தலைவலி.

பின்பக்கத்தில் ஒரு சமாச்சாரம் இருக்கிறது, விளம்பரத்தில் யாரும் அழுத்திச் சொல்வதில்லை. ஸ்பீக்கருக்குப் போகிற லைன்-அவுட் ஜாக்குக்குள்ளேயே, சத்தத்தை வெளிச்சமாக அனுப்புகிற ஆப்டிகலும் ஒளிந்திருக்கிறது. யூஎஸ்பி பெட்டி வாங்கினால் ஸ்பீக்கர் சத்தம் தானாகச் சுத்தமாகிவிடும் என்று நினைக்க வேண்டாம். கம்ப்யூட்டரின் எர்த்தும் ஸ்பீக்கரின் எர்த்தும் ஒயரில் கைகோர்த்தால் சில்வண்டு அந்த வழியாகவும் வரும், எனக்கு லேசாக வந்தது. ஸ்பீக்கரில் ஆப்டிகல் உள்ளீடு இருந்ததால் ஒரு நுனி உருண்டை, மறுநுனி சதுரமாக இருக்கிற கேபிள் ஒன்று வாங்கிப் போட்டேன். அந்த ஒளியிழையில் கரண்ட் போகாது, வெளிச்சம் மட்டுமே போகும். பிறகு சத்தம் இல்லை. குறை என்றால் யூஎஸ்பி துளை இன்னமும் அந்தப் பழைய மைக்ரோ வகை, இருட்டில் தலைகீழாகவே செருக வருகிறது.

ஆனால் பாட்டு வாசிக்கிறவருக்கு ஜி6 பதில் இல்லை. கண்டென்சர் மைக்குக்கு வேண்டிய 48 வோல்ட் இதில் கிடையாது, பெரிய மைக் ஒயரைச் செருக இடமும் கிடையாது. கீபோர்டை யூஎஸ்பியில் மாட்டி, கம்ப்யூட்டருக்குள் இருக்கிற பியானோவை வாசிக்கும்போது வேறொரு தொல்லை: கை முந்தும், சத்தம் பிந்தும். அதற்கு, தாமதத்தைக் குறைக்கிற ஏசியோ டிரைவர் நன்றாக ஓடுகிற இன்டர்ஃபேஸ், அதாவது பதிவுக்கான சவுண்ட் பெட்டி, வேண்டும். ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் சோலோ வாங்கியது அதனால். சத்தத்தைக் கொஞ்சம் சேர்த்துவைத்து அனுப்புகிற பஃபரை 128 சாம்பிளில் வைத்து, நொடிக்கு 48,000 சாம்பிளில் ஓட்டினால் அந்தப் பஃபர் தின்பது 2.7 மில்லிசெகண்ட் சுமாருக்கு. 512 என்றால் பதினொன்றைத் தொடும். அது எவ்வளவு என்று மேடைக் கணக்கில் சொல்கிறேன். காற்றில் சத்தம் ஒரு மில்லிசெகண்டில் ஓரடிக்குக் கொஞ்சம் அதிகமாகப் போகும். பத்தடி தள்ளி உட்கார்ந்திருக்கிற டிரம்ஸ்காரர் எனக்கு எப்போதும் ஒன்பது மில்லிசெகண்ட் பிந்தித்தான் அடிக்கிறார், அவரோடு பன்னிரண்டு வருஷமாக வாசிக்கிறேன். ஆகவே பஃபர் எண்ணை முப்பத்திரண்டுக்கு இறக்கிவிட்டு, சத்தம் படபடவென்று வெடிக்கிறதே என்று அழ வேண்டாம்.

சோலோவில் கேமும் ஓடும், டிடி 990-உம் ஓடும். பழைய கச்சேரிப் பதிவுகளுக்கு மட்டும் ஜி6 அளவுக்கு உரம் போதவில்லை. மைக்கோடு சேர்ந்த கேமிங் ஹெட்செட்டின் ஒற்றைப் பின்னை நேராகச் செருக முடியாது. பாதி நேரம் கேம், பாதி நேரம் பதிவு என்கிறவர் சோலோவையும் ஓம் குறைந்த ஹெட்போனையும் வாங்கினால் ஒரே பெட்டியில் முடிந்துவிடும். நான் தலைகீழாக வாங்கியதால் மேசையில் இரண்டு பெட்டி.

அந்த உள் கார்டு அட்டைப்பெட்டியோடு பீரோ மேல் கிடக்கிறது. போன வாரம் எங்கள் பேஸ் கிட்டார்க்காரன் போன் பண்ணினான். "மச்சான், ஸ்பீக்கர்ல ம்ம்ம்னு ஒரே சத்தம். நீ சும்மா வச்சிருக்கிற அந்தக் கார்டைத் தர்றியா?" சத்தத்தைப் போனிலேயே கேட்கச் சொன்னேன். ஜி-க்குக் கொஞ்சம் மேலே. ஞாயிற்றுக்கிழமை டெஸ்டரை எடுத்துக்கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறேன்.