வீட்டுக் குத்துவிளக்குச் சோடி: பன்னிரண்டு வருடப் புழக்கத்துக்குப் பிறகு

இந்தச் சோடியை 2012 ஆவணியில் வவுனியாவில் ஒரு பாத்திரக்கடையில் வாங்கினோம். கிளிநொச்சிப் பக்கம் மீளக் குடியேறி, தகரக் கொட்டில் போய்க் கல்வீடு எழும்பிய நேரம். குடிபூரலுக்கு நிறைகுடம் வைத்தால் இரண்டு பக்கமும் குத்துவிளக்கு நிற்க வேண்டும், இரவல் விளக்கில் குடிபுக மாட்டேன் என்று அம்மா ஒற்றைக்காலில் நின்றார். அம்மம்மாவின் விளக்கு ஒன்று இருந்தது. 2008 இல் போரால் இடம்பெயரும்போது கிணற்றடியில் தாட்டுவிட்டுப் போனோம். திரும்பி வந்து பார்த்தபோது குழி மட்டும் இருந்தது.

புதுச் சோடி மூன்றடி உயரம், ஐந்து முகம், தண்டு முழுக்கப் பூவேலை, உச்சியில் அன்னம். இரண்டும் சேர்த்து 20,000 ரூபாவுக்குக் கிட்ட முடிந்தது. அன்றைக்கு எங்களுக்கு அது பெரிய காசு. கடையில் உச்சியில் சேவல் நிற்கிற விளக்குகளும் இருந்தன. கண்டிப் பக்கம், பிலிமத்தலாவையில் வார்க்கிற விளக்குகளில் அது வழமை. சேவல் முருகன்ர கொடிதானே, அதையே எடுப்போம் என்றான் மகன். அம்மா அன்னத்தை விட்டு இறங்கவில்லை.

விளக்கின் உறுப்புகளுக்கு எங்கள் பக்கம் சொல்கிற விளக்கம் பலருக்கும் தெரிந்திருக்கும். பாதம் பிரமன், தண்டு திருமால், எண்ணெய் நிற்கிற தகழி உருத்திரன், திரி முகங்கள் மகேசுவரன், உச்சி சதாசிவன். ஐந்து முகத்தையும் ஐந்து நற்குணங்களாகச் சொல்வாரும் உண்டு. எனக்கு அன்னத்தில்தான் கண். சோதித் தூணாக நின்ற சிவனுக்கு அடியும் முடியும் தேடிய கதையில், அன்னமாகி மேலே பறந்தவர் பிரமன். முடியைக் காணவில்லை. அந்தப் பறவையையே சுடருக்கு மேலே உட்கார வைத்திருக்கிறார்களே என்று விளக்கு மினுக்கும்போதெல்லாம் நினைப்பேன். இது என் நினைப்பு மட்டும்தான். பாலையும் நீரையும் பிரிக்கிற பறவை என்பதால் வைத்தார்கள் என்றுதான் பொதுவாகச் சொல்வார்கள்.

சரி, பாவனைக்கு வருவோம்.

முதல் கிழமையே ஒரு சிக்கல். புது விளக்கின் பளபளப்புக்கு மேலே வார்னிஷ் மாதிரி ஒன்று பூசியிருந்தார்கள். திரி வைத்த முகங்களில் அது கருகி, கறுப்புத் திட்டாக ஒட்டிக்கொண்டது. அதைச் சுரண்டி எடுக்க இரண்டு வெள்ளிக்கிழமை போனது. அடுத்தது மரை. விளக்கு நான்கு துண்டாகக் கழரும். ஒரு வருடம் கழற்றாமல் விட்டோம். மரைக்குள் எண்ணெய் இறங்கிப் பிசினாக இறுகி, எவ்வளவு திருகியும் அசையவில்லை. கொதிநீரை ஊற்றிப் பழந்துணியால் பிடித்துத் திருகியபோதுதான் விட்டது. இப்போது மாதம் ஒருமுறை கட்டாயம் கழற்றிப் பூட்டுகிறேன்.

மினுக்குகிற வேலைதான் இந்த விளக்கின் உண்மையான விலை. கடைக்காரர் அதைச் சொல்ல மாட்டார். எண்ணெய் பழசானால் செம்போடு சேர்ந்து பச்சைக் களிம்பாகிவிடும். வழுவழுப்பான இடத்தில் துடைத்தால் போய்விடும்; பூவேலைக்குள் போனால் வராது. அதோடு வெள்ளிக்கிழமைகளில் விளக்குக்குச் சந்தனமும் குங்குமமும் வைப்போம், விளக்கு இலட்சுமி அல்லவா. அந்தச் சந்தனமும் வழிகிற எண்ணெயும் சேர்ந்து இடுக்குகளில் சேறாக நிற்கும். போத்தலில் வருகிற பித்தளை மினுக்கியைப் பாவித்துப் பார்த்தோம். பளபளப்பு வந்தது. ஆனால் வேலைப்பாட்டுக்குள் வெள்ளைத் தூள் தங்கி, விளக்கு நரைத்தது போல ஆகிவிட்டது. தேசிக்காயும் உப்பும் சட்டென்று வெளுக்க வைக்கும். ஒருமுறை மகள் அதைப் பூசிவிட்டு மறந்துபோய்ப் படிக்கப் போய்விட்டாள். வந்து கழுவினால் தகழி அங்கங்கே இளஞ்சிவப்பு. பித்தளை செம்பும் துத்தநாகமும் கலந்தது. புளிப்பில் நெடுநேரம் கிடந்தால் துத்தநாகம் முதலில் கரைந்து, செம்பு நிறம் வெளியே தெரியும். அந்தத் திட்டு மங்கப் பல மாதம் பிடித்தது.

கடைசியில் அம்மாவின் முறைக்கே வந்து சேர்ந்தோம். முதலில் பழைய எண்ணெயைக் கடதாசியால் ஒற்றி எடுக்க வேண்டும். பிறகு ஊறிய பழப்புளியைப் பூசி ஐந்து நிமிடம் விட்டு, அரித்த அடுப்புச் சாம்பலைத் தொட்டுத் தும்பால் தேய்க்க வேண்டும். இடுக்குக்குப் பழைய பல் தூரிகை. கழுவியதும் வெயிலில் வைத்து ஈரம் போகத் துடைக்காவிட்டால் அடுத்த நாளே புள்ளி விழும். ஒரு சோடிக்கு முக்கால் மணித்தியாலம். அம்மம்மாவின் விளக்கில் பூவேலையே இருக்கவில்லை, மூன்று வளையம் மட்டும்தான். அது ஏன் என்று இப்போது விளங்குகிறது.

எண்ணெய்க் கணக்கையும் சொல்கிறேன். நான் அளந்து பார்த்த அளவில் ஒரு முகம் ஒரு மணித்தியாலத்துக்கு ஒரு தேக்கரண்டி குடிக்கும். ஐந்து முகத்தையும் நாள்தோறும் ஒரு மணித்தியாலம் எரித்தால் மாதத்துக்குச் சரியாக ஒரு போத்தல், 750 மில்லிலீற்றர். ஒரு விளக்குக்குத்தான் இந்தக் கணக்கு. அதனால் சாதாரண நாளில் ஒரு முகம், வெள்ளியும் விசேடமும் என்றால் ஐந்தும். நல்லெண்ணெய் நின்று எரியும். தேங்காய் எண்ணெய் புகை குறைவு, ஆனால் தை மாத விடியற்காலைக் குளிரில் தகழிக்குள் உறைந்து கிடக்கும். வெப்பநிலை 24 பாகைக்குக் கீழே போனால் அப்படித்தான். இலுப்பெண்ணெய்தான் எனக்குப் பிடித்தது. இலுப்பைக்கடவை, இலுப்பைக்குளம் என்று ஊருக்கே பெயர் வைத்த வன்னியில் அது இப்போது தேடித்தான் வாங்க வேண்டியிருக்கிறது. ஊதி நூர்க்கக் கூடாது என்பது வீட்டுச் சட்டம். பூவால் ஒற்றலாம், அல்லது திரியை உள்ளே இழுத்துவிடலாம். ஊதினால் எண்ணெய் தெறித்துச் சுவர் பழுதாகும் என்பதும் உண்மை.

2018 மார்கழி வெள்ளத்தில், இரணைமடுக் குளத்தின் கதவுகள் திறந்த இரவு, சுவாமி அறைக்குள் முழங்கால் அளவு தண்ணீர். விளக்குகள் இரண்டு நாள் சேற்றில் கிடந்தன. பித்தளைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் ஒன்றின் பாதத்துக்கு அடியில் ஒட்டியிருந்த தகடு கழன்று, உள்ளே பாரத்துக்காக ஊற்றியிருந்த சீமெந்து கட்டியாக விழுந்தது. நிறுத்துத்தான் விலை போட்டார்கள். ஆக, பித்தளை விலைக்குச் சீமெந்து வாங்கியிருக்கிறோம்! மற்ற விளக்கின் தண்டில் காந்தம் வைத்தால் மெல்ல ஒட்டுகிறது, உள்ளே இரும்புக் கம்பி. பித்தளையில் காந்தம் ஒட்டாது. இதை முதலே தெரிந்திருந்தால் சட்டைப்பையில் ஒரு காந்தத்தோடு கடைக்குப் போயிருப்பேன்.

2022 பங்குனியில் நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்சாரம் போனது. மண்ணெண்ணெய்க்கும் வரிசை. அப்போதுதான் இந்த விளக்கை வெளிச்சத்துக்காகவே முதன்முறை கொளுத்தினோம். ஐந்து முகமும் எரிந்தும் மகளால் புத்தகம் வாசிக்க முடியவில்லை. சுடர் மேலே, அகன்ற தகழி கீழே. விளக்கடியில் இருட்டு என்று சும்மா சொல்லவில்லை. கூரையும் சுவாமிப் படமும் மட்டும் நன்றாகத் தெரிந்தன. அம்மா தன் ஒருசாண் ஒற்றைமுக விளக்கை மேசையில் வைத்துக் கொடுத்தார். போர்க்காலப் பொருளாதாரத் தடை நாட்களில் ஜாம் போத்தலுக்குள் பஞ்சு வைத்துச் சொட்டு மண்ணெண்ணெயில் பிள்ளைகளைப் படிப்பித்தவர் அவர். அதற்கு இது எவ்வளவோ மேல் என்றார்.

எண்ணெய் விலை ஏறிய அந்த நாட்களில் வற்றாப்பளை அம்மன் கோயில் பேச்சும் அடிக்கடி வந்தது. வைகாசிப் பொங்கலுக்கு முதல், சிலாவத்தைக் கடலில் தீர்த்தம் எடுத்து வந்து, முள்ளியவளை காட்டா விநாயகர் கோயிலில் அந்த உப்புநீரில் விளக்கு எரிப்பார்கள். திருவாரூரில் நமிநந்தியடிகள் என்ற நாயனார் குளத்து நீரில் விளக்கெரித்த கதையும் இதே வழிதான். விளக்குக்கு நெய் கேட்கப் போன வீட்டில் இல்லை என்றார்கள், அவர் நீரை வார்த்தார். எங்களுக்கு அந்த வரம் இல்லை என்று சொல்லிவிட்டு அம்மா போத்தலின் அடியை வடித்து ஊற்றுவார்.

இன்னொருவர் வாங்குவதானால் சோடியாக வாங்கட்டும். நிறைகுடத்துக்கு ஒன்று போதாது. ஒன்றரை அடிக்கு மேல் வேண்டாம். வேலைப்பாடு குறைவாக, பாதம் அகலமாக, முழு வார்ப்பாக இருந்தால் நல்லது. தகழியில் கடையிலேயே தண்ணீர் ஊற்றிக் கால் மணித்தியாலம் வைத்து ஒழுக்குப் பார்க்க வேண்டும். கடைக்காரர் முகம் சுளித்தால் வேறு கடை பார்க்கலாம். நாள் பாவனைக்கு இன்னொரு சிறு விளக்குக் கட்டாயம். எங்கள் வீட்டில் மைம்மல் பொழுதில் எரிவது அம்மாவின் ஒருசாண் விளக்குத்தான், பெரியவை வெள்ளிக்கிழமைக்கு நிற்கின்றன.

அதற்காகப் பெரிய சோடியைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. இந்த ஒழுங்கையில் ஒரு கல்யாண எழுத்து, சாமத்தியச் சடங்கு, முன்பள்ளி விழா என்றால் முதலில் கேட்கிறது அதைத்தான். அம்மா செத்தவீட்டுக்கு மட்டும் கொடுக்க மாட்டார், அதற்கென்று வேறொன்று வைத்திருக்கிறார். விழாவுக்குப் போனால் ஒரு தொல்லை. விருந்தினர்கள் மெழுகுதிரியால் கொளுத்துவார்கள், மெழுகு முகம் முழுக்க வழிந்திருக்கும். போன கிழமை மச்சாள் வீட்டுச் சடங்குக்குப் போன சோடி இன்னும் வரவில்லை. நாளை வெள்ளி. வந்தவுடன் ஊற்றச் சுடுதண்ணீர் வைக்க வேண்டும்.