‘ஃபெயில்ஓவர்’ என்று பில் போட்டு ரீட் ரெப்ளிகாவைத் தலையில் கட்டினார்கள்: புதுச்சேரி, கடலூர் வணிகர்களுக்கு ஓர் எச்சரிக்கை

புதுச்சேரியில் உள்ள எங்கள் மருந்து மொத்த விற்பனை நிறுவனத்தின் பில்லிங் டேட்டாபேஸை அமேசான் கிளவுடின் மும்பை மையத்தில் அமைத்துப் பராமரிக்கும் பொறுப்பை உள்ளூர்ச் சேவை நிறுவனம் ஒன்றிடம் ஒப்படைத்திருந்தோம். அவர்களுடைய கொட்டேஷனில் ‘அதிவேக ஸ்டோரேஜ்’ என்றும் ‘தானியங்கி ஃபெயில்ஓவர்’ (முதன்மை டேட்டாபேஸ் நின்றால் மாற்று ஒன்று தானாகப் பொறுப்பேற்பது) என்றும் இரண்டு வரிகள் இருந்தன. இரண்டுக்கும் மாதந்தோறும் பணம் வாங்கினார்கள். இரண்டுமே அமேசான் கணக்கில் இல்லை.

கடலூர், பண்ருட்டி, நெல்லிக்குப்பம் கடைகளின் ஆர்டர்கள் குவியும் காலை வேளையில் பில்லிங் நன்றாகவே ஓடும். பத்தரை மணிக்கு மேல் ஒரு பில்லைச் சேமிப்பதற்குள் திரை உறைந்துவிடும். ‘உங்கள் இணைய இணைப்பு சரியில்லை’ என்பதே அவர்களுடைய மாறாத பதில். அமேசான் கணக்கின் கட்டுப்பாட்டுத் திரையான கன்சோலைப் பார்க்கும் அனுமதியை வற்புறுத்தி வாங்கிய பிறகு, கொடுத்திருந்தது 100 ஜிபி கொள்ளளவுள்ள பழைய ‘ஜிபி2’ வகை ஸ்டோரேஜ் வால்யூம் என்பது தெரிந்தது. ஜிபிக்கு 3 ஐஓபிஎஸ் (ஒரு வினாடியில் செய்யக்கூடிய படிப்பு, எழுத்துச் செயல்கள்) வீதம் அதில் நிலையாகக் கிடைப்பது 300 மட்டுமே. பயன்படுத்தாத நேரத்தில் சேர்ந்திருக்கும் கிரெடிட் தீரும்வரை 3,000 வரை போகும், முழு வேகத்தில் இழுத்தால் அரை மணி நேரத்துக்குச் சற்று மேல் தாங்கும். மெல்லிய குழாயில் நிரம்பும் மாடித் தொட்டியைப் போன்றது அது. மீதமுள்ள கிரெடிட்டைக் காட்டும் ‘பர்ஸ்ட் பேலன்ஸ்’ வரைபடம் காலையில் 100 விழுக்காட்டில் தொடங்கி, வேலை நாள்களில் முற்பகலிலேயே பூஜ்யத்தைத் தொட்டிருந்தது. ஜிபி3 வகையில் கொள்ளளவு குறைவாக இருந்தாலும் 3,000 ஐஓபிஎஸ் அடிப்படையாகவே கிடைக்கும்; அமேசானின் டேட்டாபேஸ் சேவையான ஆர்டிஎஸ்ஸில் அது 2022 முதலே உண்டு.

ஃபெயில்ஓவர் விஷயம் இதைவிட மோசம். ஒரு சனிக்கிழமை முதன்மை டேட்டாபேஸ் நின்றுபோனது. பில் இல்லாமல் மாநில எல்லையான முள்ளோடையைத் தாண்ட முடியாது என்பதால் கடலூர் வண்டி சரக்கேற்றியபடியே கிடங்கு வாசலில் மாலைவரை நின்றது. அவர்கள் வைத்திருந்தது மல்டி ஏஇசட் அன்று, படிக்க மட்டுமே பயன்படும் நகலான வெறும் ரீட் ரெப்ளிகா. மல்டி ஏஇசட் அமைப்பில் ஒவ்வொரு பதிவும் வேறொரு மண்டலத்திலுள்ள (தனித்த தரவு மையத்திலுள்ள) மாற்று டேட்டாபேஸிலும் உடனுக்குடன் எழுதப்படும்; பழுது நேர்ந்தால், பொதுவாக 60 முதல் 120 வினாடிகளுக்குள், அதே முகவரியில் அது தானாகவே பொறுப்பேற்கும். ரெப்ளிகாவோ சற்றுப் பின்தங்கியே நகலெடுக்கும். யாராவது ஒருவர் அதை முதன்மையாக மாற்றி, மென்பொருளில் புதிய முகவரியையும் கொடுத்தாக வேண்டும். அந்த ஒருவர் சாயங்காலம்தான் போனை எடுத்தார். கடைசியாகப் போட்ட சில பில்கள் ரெப்ளிகாவுக்கு வந்து சேராததால், பண்ருட்டிக் கடை ஒன்றுக்கும் நெல்லிக்குப்பம் கடை ஒன்றுக்கும் ஒரே பில் எண் விழுந்தது. ஜிஎஸ்டி கணக்கு பார்ப்பவர்களுக்கு அதன் தலைவலி புரியும்.

இத்தகைய சேவையைப் பெறுபவர்கள் கன்சோலில் ‘மல்டி ஏஇசட்’ என்பதற்கு நேராக ‘ஆம்’ என்று இருக்கிறதா எனக் கண்ணால் பார்க்க வேண்டும். வேண்டுமென்றே மாற்று டேட்டாபேஸுக்கு மாற்றிப் பார்க்கும் ‘ரீபூட் வித் ஃபெயில்ஓவர்’ வசதியை வேலை நேரத்துக்குப் பிறகு இயக்கச் சொல்லி, பில்லிங் எவ்வளவு நேரத்தில் மீள்கிறது என்று கடிகாரம் வைத்துக் கணக்கிட வேண்டும். மல்டி ஏஇசட்டுக்கு அமேசானே ஏறத்தாழ இரு மடங்கு வாங்கும்போது, சொற்பத் தொகைக்கு ஒருவர் அதைத் தருவதாகச் சொன்னால் சந்தேகப்படுவதே முறை.

ரெப்ளிகாவை முதன்மையாக மாற்றியதற்கு ‘அவசரப் பணி’ என்று தனியாக ஒரு பில் அனுப்பியிருக்கிறார்கள். அதை நாங்கள் கட்டவில்லை, கட்டப்போவதும் இல்லை.