ஜிகர்தண்டா பால் சுண்ட: 5 லிட்டர் உருளியா, 20 லிட்டர் அண்டாவா?

வீட்டுல இருபது பேருக்குன்னா 5 லிட்டர் உருளியும் நம்ம கேஸ் அடுப்புமே போதுங்க, வாய் அகலமா இருக்கறதால பால் சீக்கிரம் சுண்டும், ஆனா 3 லிட்டருக்கு மேல ஊத்தாதீங்க, பொங்கி அடுப்பே அணைஞ்சிரும். 20 லிட்டர் அண்டாவ அதே அடுப்புல வச்சா கொதி வர்றதுக்குள்ள விடிஞ்சிரும். அதுக்கு ஹை பிரஷர் பர்னர்தான், வீட்டு ரெகுலேட்டர் அதுக்கு ஆகாது, அதோட தீ நடுவுலயே குத்துறதால கனமான அடி இல்லாட்டி பிடிச்சிரும், கிண்டறத விட்டுட்டு போன் நோண்ட முடியாது. அந்த தீய்ஞ்ச வாசம் நன்னாரி சர்பத் எவ்வளவு ஊத்துனாலும் போகாதுங்க, பாலக் கொட்டத்தான் வேணும். கடை போடுறவங்க 14.2 கிலோ வீட்டு சிலிண்டர மாட்டக்கூடாது, 19 கிலோ கமர்ஷியல்தான். விசேஷத்துக்கு மட்டும்னா நான் உருளியில ரெண்டு தடவ காய்ச்சத்தான் சொல்வேன்.